காத்திருந்தோர் களைப்பும் காத்தோர் களைப்பும்: மண்டைதீவும் வட இலங்கையின் உளநல வரலாறும்

யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்து தெற்கே நோக்குவார்க்குக் கடனீரேரிக்கு அப்பால், மக்கள் வாழும் தீவுகளுள் முதலிற் புலப்படுவது மண்டைதீவு. பண்ணைத் தாம்போதி வழியே ஊர்காவற்றுறைக்குச் செல்லும் பாதை இத்தீவைத் தொட்டே அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை முதலிய ஊர்களை அடைகின்றது. பனையும், மாரி மழையை நம்பிய வயலும், ஆழங்குறைந்த கடலும் அங்குள்ளார்க்கு வாழ்வளித்தன. திருவெண்காட்டுச் சித்திவிநாயகர் கோயில் அத்தீவுக்குப் புகழளித்தது. பட்டினத்துக்கு அண்மையில் இருந்தமை அமைதிக் காலத்தில் அதற்கு வாய்த்த பேறாகும். போர்க்காலத்தில் அதுவே அதற்குக் கேடாயிற்று.

போரின் வரலாற்றை எழுதுவோர் முற்றுகைகளையும் படை நகர்வுகளையும் இறந்தோர் தொகையையும் கணக்கிடுவர். எஞ்சியிருந்தோரின் உள்ளத்தில் ஆண்டுதோறும் நேர்ந்த தேய்வைக் கணக்கிடுவார் அரியர். ஒரு பெருந்துன்பம் வந்து போனபின் உண்டாகும் துயர் ஒன்று. முடிவு காணாத சுமையொன்றை நாடோறுந் தாங்குவதால் உண்டாகும் களைப்பு மற்றொன்று. பின்னையதை இன்றைய அறிஞர் உளக்களைப்பு என ஆராய்கின்றனர். மண்டைதீவினதும் அதனை அடுத்த ஊர்களினதும் அண்மைக்கால வரலாற்றில் இக்களைப்பு எவ்வாறு தோன்றிற்று, அது எவ்வாறு இனங்காணப்பட்டது, அதனின்று மீளுதற்கு எவ்வகை முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீவில் நிகழ்ந்தவை

1986 ஆம் ஆண்டு யூன் 10 ஆந் திகதி மண்டைதீவுக் கடலிலே தொழில் செய்துகொண்டிருந்த கடற்றொழிலாளர் முப்பதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் எதிர்க்கரையிலுள்ள குருநகரைச் சேர்ந்தவர். அக்கொடுமை பெரிது, எனினும் இறந்தோர் இன்னார் என்பது தெரிந்தது. ஊர் கூடி அழுதது. ஆண்டுதோறும் அந்நாளில் அவர்களை நினைவுகூர்ந்தும் வருகின்றது.

நான்கு ஆண்டுகளின் பின் நேர்ந்தது வேறு வகையான இழப்பு. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணக் கோட்டையினுள் இருந்த அரச படையினர் முற்றுகையிடப்பட்டனர். அவர்களை மீட்கும் நோக்கோடு ஓகஸ்ற் மாதப் பிற்பகுதியிலே படைகள் தீவுப்பகுதியில் இறங்கி, மண்டைதீவையுங் கைக்கொண்டன. அவ்வேளையில் மண்டைதீவு, அல்லைப்பிட்டி, மண்கும்பான் ஆகிய ஊர்களிற் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர் பலர் வீடு திரும்பவில்லை. செப்டெம்பர் இறுதியிற் படையினர் கோட்டையைக் கைவிட்டு நீங்கினர். எந்தக் கோட்டையின்பொருட்டு அத்தீவு போர்க்களமாயிற்றோ அந்தக் கோட்டை சில வாரங்களுள் வெறுமையாயிற்று. பிடித்துச் செல்லப்பட்டோரைப் பற்றிய வினா மட்டும் எஞ்சிற்று.

தீவினர் பெரும்பாலோர் குடாநாட்டுக்குப் பெயர்ந்தனர். 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் அனைவரும் தென்மராட்சி நோக்கிப் பெயர நேர்ந்தபோது, தீவுகளிலிருந்து முன்னரே வந்து தங்கியிருந்தோர் இரண்டாம் முறையாக இடம்பெயர்ந்தனர். சிலர் மூன்றாம் நான்காம் முறையும் பெயர்ந்து வன்னிக்குச் சென்றனர். மீண்டு வந்தோர்க்கும் அமைதி நிலைக்கவில்லை. 2006 ஆம் ஆண்டு மே 13 ஆந் திகதி இரவு அல்லைப்பிட்டியில் ஒரு வீட்டிலிருந்தோர் குழந்தைகளோடு கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் மக்கள் தஞ்சம் புகுந்திருந்த அவ்வூர்த் தேவாலயம் எறிகணைக்கு இலக்காயிற்று. காயமுற்றோரைக் காப்பாற்ற முயன்ற பங்குத் தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் ஓகஸ்ற் 20 ஆந் திகதி காணாமற்போனார். தேடுவார்க்குத் துணைநிற்க வேண்டியவரே தேடப்படுவோர் வரிசையிற் சேர்ந்தார்.

முடிவு பெறாத இழப்பு

யாழ்ப்பாணத்துச் சைவ மரபில் ஒருவர் இறந்தால் அழுவதற்கும் அழுகையை நிறுத்துவதற்கும் முறை உண்டு. செத்தவீட்டிற் பெண்கள் கூடி ஒப்பாரி சொல்வர். எட்டுச் செலவு நிகழும். முப்பத்தோராம் நாளில் அந்தியேட்டி நடைபெறும். பலர் அதன்பொருட்டுக் கீரிமலைக்குச் செல்வர். அதன்பின் ஆட்டைத் திவசம். ஆண்டுதோறும் ஆடி அமாவாசை, சித்திரைப் பூரணை விரதங்கள். துயரத்தைப் பகுதி பகுதியாக இறக்கி வைப்பதற்கு முன்னோர் அமைத்த படிகள் இவை. சுற்றத்தார் வந்து இருப்பதும், அடுப்பு மூட்டாத வீட்டுக்கு அயலார் உணவு கொண்டுவருவதும் அப்படிகளின் பகுதிகளே.

காணாமற்போனவனுக்கு இவற்றுள் ஒன்றும் இயலாது. அந்தியேட்டி செய்தால் மகனைத் தானே சாகடித்ததாகும் எனத் தாய் அஞ்சுகின்றாள். செய்யாவிட்டால், இறந்திருப்பானாயின் அவன் ஆன்மா சாந்தியடையாதே என அதற்கும் அஞ்சுகின்றாள். மனைவி பொட்டிடுவதா விடுவதா என்பதை ஊராரின் கண்கள் நாடோறும் வினவுகின்றன. அமெரிக்க அறிஞர் போலின் பொஸ் இந்நிலையைத் தெளிவற்ற இழப்பு எனப் பெயரிட்டு, 1999 ஆம் ஆண்டில் அதுபற்றி ஒரு நூலும் வெளியிட்டார். ஆள் இல்லை, ஆயின் இல்லையென்று சொல்வதற்கும் இல்லை. இத்தகைய இழப்பில் துயர் முடிவடையாமை உள்ளத்தின் குறைபாடன்று. இழப்பு முடிவடையாமையின் விளைவேயாம் என்பது அவர் கொள்கை.

இவ்வாறு காத்திருந்தோர் வைத்தியசாலைக்குச் சென்று தம் உள்ளம் களைத்துவிட்டது என்று சொன்னாரல்லர். தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, கைகால் உளைவு, நித்திரையின்மை என்றே முறையிட்டனர். இடையிடையே பெருமூச்செறிந்தனர். “ஒரே யோசினை”, “ஒண்டுக்கும் ஏலாமக் கிடக்கு” என்பன யாழ்ப்பாணத்துப் பேச்சில் அந்நிலையைக் குறித்த சொற்கள். உடலின் நோவாகக் கூறினால் மருந்து கிடைக்கும். உள்ளத்தின் நோவெனக் கூறினாற் பழி வரும் என்னும் அச்சம் அச்சொற்களின் பின்னால் இருந்தது.

களைப்புக்குப் பெயர் கிடைத்த வரலாறு

உள்ளம் களைப்பதை ஏளனம் செய்யும் வழக்கம் வட இலங்கைக்கு மட்டும் உரியதன்று. முதலாம் உலகப் போரில் நடுக்கமும் பேச்சிழப்பும் உற்ற பிரித்தானியப் போர்வீரர் பலர் கோழைகள் எனத் தூற்றப்பட்டனர். 1915 ஆம் ஆண்டில் சாள்ஸ் மயேர்ஸ் என்னும் உளநூல் அறிஞர் அந்நிலையை எறிகணை அதிர்ச்சி என்னும் பெயரால் மருத்துவ ஏட்டில் விளக்கினார். அவருடைய ஆசிரியரும் நண்பருமாகிய றிவேர்ஸ் என்பார் ஸ்கொத்லாந்திலுள்ள கிறெயிக்லொக்காட் வைத்தியசாலையிற் படை அதிகாரிகளுக்குச் சிகிச்சை அளித்தார். இவர் தமிழ்நாட்டாருக்கும் அறிமுகமானவர். நீலகிரித் தோடர்களிடையே 1901, 1902 ஆம் ஆண்டுகளில் ஆய்வு நடத்தி, 1906 இல் அவர்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டவர்.

கண்டதை மறந்துவிடுமாறு ஏனையோர் அதிகாரிகளுக்கு அறிவுரை கூறினர். மறக்க முயல்வதே நோயை வளர்க்கின்றது என்பதை றிவேர்ஸ் கண்டார். நம்பத்தக்க ஒருவரிடம், தாங்கத்தக்க அளவில், சிறிது சிறிதாக அவற்றைச் சொல்லுமாறு தூண்டினார். அவர் கண்ட மற்றோர் உண்மை இக்கட்டுரைக்கு மிக இன்றியமையாதது. சாதாரண வீரரைவிட அதிகாரிகளிடத்தே நீடித்த பதகளிப்பும் சோர்வும் மிகுதியாகக் காணப்பட்டன. தம்மை நம்பியிருந்தோரின் உயிர்ப்பொறுப்பை அவர்கள் இடைவிடாது சுமந்தனர். தம் அச்சத்தை அவர்கள்முன் காட்டலாகாதென அடக்கியும் வைத்தனர். பிறர்க்காகப் பொறுப்பேற்றுத் தன் துன்பத்தை மறைப்பவர் எவரோ அவரே விரைவிற் களைக்கின்றார் என்பது இதனாற் பெறப்பட்டது.

போர்க்களத்துக்கு வெளியிலும் இஃது உண்மையென்பது பின்னர் தெளிவாயிற்று. நாசிகளின் கொடுமைக்குத் தப்பி யேர்மனியிலிருந்து சிறுவனாக அமெரிக்கா சென்ற ஹேர்பேட் பிராய்டன்பேர்கர், நியூயோர்க் நகரில் ஏழைகளுக்கான இலவச மருத்துவ நிலையமொன்றில் ஊதியமின்றிப் பணியாற்றினார். மிகுந்த ஆர்வத்தோடு வந்த தொண்டர்கள் சில காலத்தில் எரிச்சலும் அலட்சியமும் உடையவராய் மாறியதை அவர் கண்டார். தாமும் அந்நிலைக்கு உள்ளானார். எரிந்து அடங்கிய வீட்டில் வெளிச்சுவர் நிற்பதுபோல அத்தகையோர் வெளித்தோற்றத்தில் முன்போலவே இருப்பர் என்று கருதி, 1974 ஆம் ஆண்டில் அந்நிலையை எரிந்தடங்கல் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் வழங்கினார். அடுத்துக் கிறிஸ்ரீனா மஸ்லாக் என்னும் உளநூலார் அதன் குறிகள் மூன்றென வகுத்து, அவற்றை அளக்கும் வினாத்தொகுதியை 1981 ஆம் ஆண்டிற் சூசன் ஜக்சனோடு சேர்ந்து வெளியிட்டார். உணர்ச்சி வற்றிப் போதல் முதற்குறி. தன்னை நாடி வருவோரை மனிதராகக் கருதாது இலக்கமாகவும் தொல்லையாகவுங் கருதுதல் இரண்டாங்குறி. தான் செய்வது எதனாலும் பயனில்லை என்னும் எண்ணம் மூன்றாங்குறி.

உலக சுகாதார நிறுவனம் 2019 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டு 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பகுப்பின் பதினொராம் பதிப்பு, இதனை நோயென்று கூறாது, சரிவரக் கையாளப்படாத நீடித்த தொழில் நெருக்கீட்டின் விளைவென்று கூறுகின்றது. இவ்வேறுபாடு பொருளுடையது. தனியொருவரின் உடலிலோ உள்ளத்திலோ மட்டும் காரணத்தைத் தேடுவோர் சுமையைக் காணத் தவறுவர். ஆயினும், களைப்பு எல்லை கடந்து, எதிலும் நாட்டமின்மையும் நித்திரை, பசி என்பவற்றின் கெடுதியும் இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அல்லது சாவைப் பற்றிய எண்ணந் தோன்றினால், அது மனச்சோர்வு நோயாகலாம். அந்நிலையில் மருத்துவரை நாடுதலே முறை.

யாழ்ப்பாணத்து முயற்சிகள்

போர்க்காலம் முழுவதும் வட மாகாணத்தில் உளமருத்துவ நிபுணர் விரல்விட்டு எண்ணத்தக்கவராகவே இருந்தனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்களுள் முதன்மையானவர். போர் மக்களின் உள்ளத்தில் ஏற்படுத்திய வடுக்களைப் பற்றி 1998 ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் ஒரு நூலை வெளியிட்டார். தனி மனிதரின் உளக்காயத்தை ஆராய்வது மட்டும் போதாது. குடும்பமும் ஊரும் ஒருங்கே காயமடைகின்றன, நம்பிக்கை அழிகின்றது, மௌனம் வழக்கமாகின்றது என்பதைப் பின்னர் எழுதிய கட்டுரைகளில் வலியுறுத்தினார்.

நிபுணர் சிலராக, நோயுற்றோர் பல்லாயிரவராக இருந்தமையால் வேறு வழி காணவேண்டியதாயிற்று. உளநல அறிவைத் தமிழில் எளிமையாக எழுதி, ஆசிரியர், தாதியர், குடும்பநல உத்தியோகத்தர், சமயப் பெரியார் முதலாய ஊர்ப் பணியாளர்க்குப் பயிற்றும் முறை கைக்கொள்ளப்பட்டது. ‘மனவடு’ என்னுங் கைந்நூல் அந்நோக்கத்தோடு எழுந்தது. சோமசுந்தரமும் உளமருத்துவர் சிவயோகனும் இணைந்து ஆக்கிய ‘தமிழ்ச் சமுதாயத்தில் உளநலம்’ பின்னர் வெளிவந்தது. யாழ்ப்பாணத்திற் சாந்திகம் என்னும் நிறுவனம் உளவளத்துணை வழங்குவதையும் துணையாளரைப் பயிற்றுவதையும் தன் பணியாகக் கொண்டது.

இவர்கள் கையாண்ட முறைகளில் மேலைநாட்டு உளவளத்துணையோடு உள்ளூர் மரபும் கலந்திருந்தது. மூச்சைச் சீராக்கும் பயிற்சி, சாந்தியாசனம், தசைகளைத் தளர்த்தல் என்பன கற்பிக்கப்பட்டன. சைவர் மந்திரத்தை உருவேற்றவும், கத்தோலிக்கர் செபமாலை சொல்லவும், இசுலாமியர் திக்ரு ஓதவும் ஊக்குவிக்கப்பட்டனர். அவரவர்க்குப் பழக்கமான சொல் அவரவர் நெஞ்சை ஆற்றும் என்பது கருத்து. நாடகமும் துணைநின்றது. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘அன்னை இட்ட தீ’ போர்க்கால உளநெருக்கீட்டை மேடையில் நிறுத்திற்று. தம் வீட்டில் மறைத்து வைத்த துன்பத்தைப் பலர் முன்னிலையிற் கண்டு அழ அந்நாடகம் இடமளித்தது. செத்தவீட்டு ஒப்பாரி ஆற்றி வந்த பணியின் ஒரு பகுதி அரங்கிற்கு வந்தது எனலாம்.

காத்தோர் களைப்பு

பிறர் துயரைக் கேட்ட இவர்களின் நிலை யாது? கேட்டவரும் இடம்பெயர்ந்தவரே. ஆசிரியரின் வீடும் இடிந்திருந்தது. தாதியின் தம்பியும் காணாமற்போயிருந்தான். றிவேர்ஸ் கண்ட அதிகாரிகளைப் போல, தம் அச்சத்தை அடக்கிக்கொண்டு ஏனையோர்க்குத் துணையாய் நின்றவர் இவர். 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆந் திகதிய கடல்கோள், 2006 இல் மீண்டும் மூண்ட போர், 2009 ஆம் ஆண்டு வன்னியில் நேர்ந்த பேரழிவு, அதன்பின் செட்டிகுளத்து முகாம்கள் என ஒன்றன்பின் ஒன்றாய் வந்த சுமைகளிடையே இளைப்பாறும் இடைவெளி அவர்க்குக் கிடைத்திலது.

குடாநாட்டாரும் தீவாரும் இதனைத் தம் கிணற்றைக் கொண்டே உணர்தல் கூடும். மழையாற் சேர்ந்த நன்னீர் நிலத்தின்கீழ் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அளவறிந்து இறைத்தால் அது வற்றாது. ஊறவிடாது இறைப்பின் கீழுள்ள உவர் மேலெழும். அப்போது கிணற்றிலே நீர் இருக்கும், குடிக்க உதவாது. உணர்ச்சி வற்றிய ஆசிரியர் பள்ளிக்கு வருகின்றார், பாடமும் நடத்துகின்றார்; மாணவனின் கண்ணீர் மட்டும் அவர்க்குத் தொல்லையாகத் தோன்றுகின்றது. அவருடைய கடுஞ்சொல் அறக்குறை என்று கண்டிக்கப்படுகின்றது. அது பெரும்பாலும் உவர் மேலெழுந்ததன் அறிகுறியே.

இவ்வுண்மை உலக நிறுவனங்களாலும் காலந்தாழ்த்தே ஏற்கப்பட்டது. அவசர நிலைகளில் உளநலப் பணி ஆற்றுவதற்கென 2007 ஆம் ஆண்டிற் சர்வதேச நிறுவனங்களின் நிலையியற் குழு வெளியிட்ட நெறிமுறைகள், பணியாளரின் உளநலத்தைக் காத்தலையும் நிறுவனத்தின் கடமைகளுள் ஒன்றாக வகுத்தன. வேலை நேரத்துக்கு எல்லை, முறைவைத்து ஓய்வு, கேட்டதைத் தாமும் ஒருவரிடம் சொல்லி ஆறுதற்கான கூட்டம் என்பன ஊழியர்க்குக் காட்டும் சலுகையாகாமற் பணியின் பகுதியாயின.

மீட்சியின் வழி

மேற்கூறிய வரலாற்றிலிருந்து மீட்சியின் கூறுகள் சில புலனாகின்றன. முதலாவது பெயரிடுதல். சோம்பல், கோழைமை, விதி எனச் சொல்லப்பட்டதை உளக்களைப்பு என அறிந்தபோதே நாணம் குறைந்தது. இரண்டாவது சுமையைப் பகிர்தல். ஓய்வு என்பது சில நாள் விடுமுறை மட்டுமன்று. மீண்டு வரும்போது அதே சுமை முழுவதும் அதே தோளில் ஏற்றப்படுமாயின் விடுமுறை பயன்படாது. மூன்றாவது சொல்லுதல்; அதற்குக் கேட்பவர் ஒருவர் வேண்டும், கேட்பவரைக் கேட்பாரும் வேண்டும். நான்காவது மரபின் துணை. கோயிற் பூசையும் கூட்டு வழிபாடும் தனித்திருந்தோரை ஊரோடு மீண்டும் இணைத்தன.

ஆயின் சிகிச்சைக்கும் ஓர் எல்லை உண்டு. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2016 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவாக்கப்பட்டு, 2018 இல் அதற்கு ஆணையாளர் நியமிக்கப்பட்டனர். அதற்கு முன்னரே, 2017 ஆம் ஆண்டு பெப்ருவரி 20 ஆந் திகதி கிளிநொச்சியிற் பெற்றோர் வீதியோரத்திற் போராட்டத்தைத் தொடங்கினர். அது பல ஆண்டுகள் நீடித்தது. விடை காணாமலே அவர்களுட் பலர் இறந்தனர். “என் பிள்ளை எங்கே?” என்பது உளவளத்துணையாளர் விடையிறுக்கும் வினாவன்று. மூச்சுப் பயிற்சி ஒரு தாய்க்கு அன்றிரவு நித்திரை தரலாம். அந்தியேட்டி செய்யலாமா என்பதை அவளுக்குச் சொல்ல உண்மையொன்றினாலேயே இயலும். ஆகவே உண்மையை வெளிப்படுத்துதலும் இத்தீவுகளைப் பொறுத்தமட்டில் உளநலப் பணியின் ஒரு கூறாகின்றது.

அரசும் நீதிமன்றும் செய்யத்தக்கவை அவை. பள்ளிக்கூடங்கள் செய்யத்தக்கவை அவற்றினுஞ் சிறியன. ஆயின் காத்திருத்தல் வேண்டாதன. களைத்த ஆசிரியரைக் கடிந்துகொள்ளுமுன் அவர் சுமப்பது யாதென வினவுதல், ஒருவரே எப்போதும் தாங்கும் பொறுப்பை முறைவைத்து மாற்றுதல், தந்தையின் பெயருக்கு நேரே எதை எழுதுவதென்று அறியாது பேனாவை வைத்திருக்கும் மாணவனுக்கு அவ்விடத்தை வெறுமையாக விட உரிமையளித்தல் என்பன இன்றே இயல்வன. காத்திருப்போர் களைப்பைப் போக்குவதற்கு முதலில் வேண்டப்படுவது காப்போர் களையாதிருத்தலேயாகும்.